அறிவியலும் மத நம்பிக்கையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறிவியல் படித்தவர் கடவுளை நம்பலாமா, பக்தி உள்ளவர் பரிணாமத்தை ஏற்கலாமா, கலிலியோவுக்கு உண்மையில் என்னதான் நடந்தது என்று பலரும் கேட்கிறார்கள். சிலருக்கு இது சுவாரசியமான விவாதம், அவ்வளவுதான். வேறு சிலருக்கோ சின்ன வயதிலிருந்து சுமந்த நம்பிக்கையும் வகுப்பில் படித்த பாடமும் மனசுக்குள் முட்டிக்கொள்கிற வேதனை. இந்தப் பதில்களை இரண்டாவது வகையினரை நினைத்தே எழுதுகிறேன். யாரையும் ஒரு மதத்துக்குள் இழுப்பதோ, மதத்திலிருந்து வெளியே இழுப்பதோ என் வேலை இல்லை.

அறிவியலும் மதமும் ஒன்றுக்கொன்று எதிரிகளா?

இதற்கு ஒரே சொல்லில் பதில் தருபவர்களை அவ்வளவாக நம்பாதீர்கள். மதத்துக்குள் பல விஷயங்கள் இருக்கின்றன: உலகம் எப்படி உண்டானது என்ற கதை, எப்படி வாழ வேண்டும் என்ற கட்டளை, பிறப்புக்கும் சாவுக்குமான சடங்கு, துக்கத்தில் சொல்லும் பிரார்த்தனை, கூடி வாழ ஒரு கூட்டம். இதில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

‘பூமி 6,000 ஆண்டுகளுக்கு முன் உண்டானது’ என்பது சோதித்துப் பார்க்கக்கூடிய கூற்று. சோதித்தும் ஆயிற்று. விண்கற்களிலும் பழைய பாறைகளிலும் யுரேனியம் ஈயமாக மாறியிருக்கும் விகிதத்தை அளந்தால், பூமியின் வயது சுமார் 454 கோடி ஆண்டுகள் என்று வருகிறது. இங்கே மோதல் உண்டு, அதில் அறிவியல் சொல்வதுதான் சரி. ‘தீங்கு செய்தவனையும் மன்னிக்க வேண்டும்’ என்பதை எந்த ஆய்வகத்திலும் அளக்க முடியாது. ‘இந்த உலகம் இருப்பதற்கே கடவுள்தான் ஆதாரம்’ என்பதும் அப்படித்தான். எந்தக் கருவியும் அதை நிரூபிக்கப்போவதில்லை, பொய்யாக்கப்போவதும் இல்லை.

அதனால் ஒவ்வொரு கூற்றையும் தனித்தனியாக எடுத்துப் பாருங்கள் என்பதுதான் என் பதில். ‘மதம்’ என்று மொத்தமாகத் தூக்கி வைத்துத் தீர்ப்பு சொல்லும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது.

இரண்டும் வெவ்வேறு எல்லைக்குள் இயங்குபவை, எனவே மோதலே இல்லை என்கிறார்களே?

உயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்ட் 1997இல் இப்படி ஒரு கருத்தை முன்வைத்தார். உலகம் எப்படி இருக்கிறது, எப்படி இயங்குகிறது என்பது அறிவியலின் எல்லை. வாழ்வின் பொருள், அறம் ஆகியவை மதத்தின் எல்லை. ஒன்று மற்றதன் எல்லைக்குள் நுழைய வேண்டாம் என்றார். சமாதானத்துக்கு நல்ல வழிதான். ஆனால் நடப்பு அப்படி இல்லை. கோடிக்கணக்கான மனிதர்கள் பின்பற்றும் மதங்கள் உலகம் எப்படி உண்டானது, நோய் எதனால் வருகிறது, வரலாற்றில் என்ன நடந்தது என்றெல்லாம் பேசுகின்றன. மதத்தில் இந்தப் பகுதியே இல்லை என்று சொல்வது நம்பிக்கையாளர்களுக்கும் நியாயம் செய்யாது.

கலிலியோவைச் சிறையில் அடைத்துக் கொடுமைப்படுத்தினார்களே, அது போதாதா?

கலிலியோவுக்கு நடந்தது அநீதி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பலரும் சொல்லும் வடிவத்தைவிட உண்மைக் கதையில் கற்றுக்கொள்ள அதிகம் இருக்கிறது.

சூரியனைப் பூமி சுற்றுகிறது என்று கோப்பர்நிக்கஸ் எழுதிய நூல் 1543இலேயே வெளிவந்துவிட்டது. எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அதற்குத் தடை எதுவும் இல்லை. 1610இல் கலிலியோ தொலைநோக்கியில் வியாழனின் நான்கு நிலவுகளைக் கண்டார். பிறகு வெள்ளிக் கோளும் நிலவைப் போலத் தேய்ந்து வளர்வதைக் கண்டார். எல்லாமே பூமியைத்தான் சுற்றுகின்றன என்ற பழைய கணக்கு அத்துடன் உடைந்தது. 1616இல் ரோமின் திருச்சபை கோப்பர்நிக்கஸின் நூலைத் திருத்தப்படும்வரை நிறுத்தி வைத்தது. அந்தக் கருத்தை ஆதரிக்கக் கூடாது என்று கலிலியோவையும் எச்சரித்தது. 1632இல் அவர் உரையாடல் வடிவில் ஒரு நூல் வெளியிட்டார். போப் எட்டாம் அர்பன் விரும்பிச் சொல்லி வந்த வாதத்தை, அந்நூலில் எல்லாரிடமும் தோற்கிற ஒரு பாத்திரத்தின் வாயில் வைத்திருந்தார். அதுவரை அவருக்கு நண்பராக இருந்த போப் இதை மன்னிக்கவில்லை. 1633 ஜூன் 22 அன்று, முதிய வயதில், திருச்சபையின் விசாரணை மன்றத்தின் முன் மண்டியிட்டுத் தன் கருத்தைக் கைவிடுவதாக கலிலியோ சொல்ல வேண்டியிருந்தது. சித்திரவதை செய்வோம் என்று மிரட்டினார்கள், செய்யவில்லை. பாதாளச் சிறையிலும் அவர் அடைக்கப்படவில்லை. 1642இல் இறக்கும்வரை பெரும்பாலும் ஃபிளாரன்ஸ் அருகே தன் வீட்டிலேயே காவலில் இருந்தார். அந்தக் காவலில் இருந்துகொண்டுதான் பொருள்களின் இயக்கம் பற்றிய தன் மிகச் சிறந்த நூலை எழுதி முடித்தார். அது 1638இல் ஹாலந்தின் லெய்டன் நகரில் அச்சானது.

இன்னொரு பக்கமும் உண்டு. கலிலியோ காட்டிய சான்றுகள் அன்றைக்கு முழுமையாக இல்லை. டென்மார்க் வானியலாளர் டைக்கோ பிராஹே சொன்ன ஒரு மாற்று அமைப்பில் மற்றக் கோள்கள் சூரியனைச் சுற்றும், சூரியன் பூமியைச் சுற்றும். வெள்ளியின் தேய்வும் வளர்வும் அந்த அமைப்புக்கும் பொருந்தின. பூமியின் இயக்கத்தால்தான் கடல் ஏறி இறங்குகிறது என்று கலிலியோ பெரிதாக நம்பி முன்வைத்த வாதம் தவறானது. பூமி தன் பாதையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போகும்போது ஒரு நட்சத்திரத்தின் இடம் சற்று மாறித் தெரிவதை முதன்முதலில் நம்பகமாக அளந்தவர் ஜெர்மன் வானியலாளர் பெஸ்ஸல். அது 1838இல்தான் நடந்தது.

இதனால் விசாரணை மன்றம் செய்தது சரியாகிவிடுமா? ஆகவே ஆகாது. சான்று குறைவாக இருந்தால் இன்னும் தேடச் சொல்லலாம், வாதத்தால் எதிர்க்கலாம். மண்டியிட வைக்கக் கூடாது. ஒரு வானியல் கேள்விக்கு அதிகாரத்தால் விடை சொன்னதுதான் அங்கே நடந்த குற்றம். 1992இல் போப் இரண்டாம் ஜான் பால், அன்றைய இறையியலாளர்கள் தவறிழைத்ததை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ரொம்பத் தாமதம்தான்.

அப்படியானால் ‘மதத்துக்கும் அறிவியலுக்கும் முடிவில்லாத போர்’ என்ற பேச்சு எங்கிருந்து வந்தது?

பெருமளவு 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலிருந்து. 1874இல் ஜான் வில்லியம் டிரேப்பரும் 1896இல் ஆண்ட்ரூ டிக்சன் வைட்டும் எழுதிய நூல்கள் வரலாறு முழுவதையும் ஒரே நீண்ட போராகச் சித்திரித்தன. பூமி தட்டையானது என்று இடைக்காலத் திருச்சபை போதித்தது என்ற கதையும் அக்காலத்தில்தான் நன்றாகப் பரவியது. உண்மையில் இடைக்கால ஐரோப்பாவில் படித்தவர்கள் பூமி உருண்டை என்று அறிந்திருந்தார்கள். கொலம்பஸின் பயணத்தை எதிர்த்த அறிஞர்களின் ஆட்சேபம் பூமியின் அளவைப் பற்றியது. அந்த அளவுக் கணக்கில் அவர்கள்தான் சரி, கொலம்பஸ்தான் தவறு. இன்றைய அறிவியல் வரலாற்றாசிரியர்கள் இந்தப் போர்க் கதையை ஏற்பதில்லை. மோதல்கள் நடந்தன, ஒத்துழைப்பும் நடந்தது, பெரும்பாலான நேரம் இரண்டும் அதனதன் வழியில் போய்க்கொண்டிருந்தன.

இந்த மோதல் கிறிஸ்தவத்தில் மட்டும்தானா?

இல்லை. கிரகணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரியபட்டர் 499இல் எழுதிய நூலில், சூரியனைச் சந்திரன் மறைப்பதாலும், பூமியின் நிழல் சந்திரன்மேல் விழுவதாலுமே கிரகணங்கள் நிகழ்கின்றன என்று தெளிவாகச் சொல்லி, அதைக் கணக்கிடும் முறையையும் தந்தார். 628இல் பிரம்மகுப்தர், தானே நிழல் கணக்கில் வல்லவராக இருந்தும், ராகுவை மறுப்பது வேதத்துக்கு விரோதம் என்று கண்டித்தார். பதினோராம் நூற்றாண்டில் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்-பிரூனி இதைக் கவனித்திருக்கிறார். உண்மை தெரிந்த ஒருவர் ஏன் இப்படிப் பேசினார் என்று அவருக்கு ஆதங்கம். படிக்கும்போது எனக்கும் அதே ஆதங்கம்தான்.

மதத்தால் அறிவியலுக்கு நன்மை எதுவும் வந்ததா?

நிறையவே. இதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

தொழுகை நேரத்தைக் கணிப்பதற்காகவே பெரிய பள்ளிவாசல்களில் வானியலாளர்களை அமர்த்தினார்கள். 14ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸின் உமையா பள்ளிவாசலில் அப்படிப் பணிபுரிந்தவர் இப்னு அல்-ஷாத்திர். சந்திரனின் இயக்கத்துக்கு அவர் அமைத்த கணித மாதிரியும், ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்துக் கோப்பர்நிக்கஸ் பயன்படுத்தியதும் கணித அளவில் ஒன்றே.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. ஈஸ்டர் நாளைச் சரியாகக் கணக்கிட, ஆண்டில் சூரியன் போகும் பாதையை நுட்பமாக அளக்க வேண்டும். அதற்கு உயரமான, இருண்ட, அசையாத கட்டடம் தேவை. பேராலயத்தைவிட வசதியான இடம் எது? 1655இல் இத்தாலியின் பொலோனியாவில் உள்ள சான் பெத்ரோனியோ ஆலயத்தின் கூரையில் சிறு துளை போட்டு, தரையில் 60 மீட்டருக்கு மேல் நீளமான ஒரு கோட்டை வானியலாளர் காசினி பதித்தார். துளை வழியாகத் தரையில் விழுந்த சூரிய பிம்பத்தின் அளவு ஆண்டுக்குள் எப்படி மாறுகிறது என்று பார்த்தார். அந்த அளவீடு, கோள்கள் சூரியனை நீள்வட்டப் பாதையில் சுற்றுகின்றன என்ற கெப்ளரின் கணக்குக்குத்தான் ஆதரவாக வந்தது. கலிலியோவை மண்டியிட வைத்து 22 ஆண்டுகளே ஆகியிருந்தன. பொலோனியா போப்பின் ஆட்சிக்கு உட்பட்ட நகரம்.

அப்புறம் பட்டாணிச் செடிகளை வைத்துப் பாரம்பரியப் பண்புகள் கடத்தப்படும் விதிகளைக் கண்டறிந்த கிரிகோர் மெண்டல் ஒரு துறவி. அவருடைய கட்டுரை 1866இல் வெளிவந்தது. மதத்தவர் யாரும் தடுக்கவில்லை. அறிவியல் உலகம்தான் 1900 வரை அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

பெருவெடிப்பு, கடவுள் உலகைப் படைத்தார் என்பதை நிரூபிக்கிறதா?

இதற்குச் சரியான பதிலைச் சொன்னவர் அந்தக் கோட்பாட்டின் தந்தையே. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜார்ஜ் லெமைத்ர் கத்தோலிக்கப் பாதிரியார், இயற்பியலாளரும்கூட. பிரபஞ்சம் விரிவடைகிறது என்று 1927இல் எழுதினார். விரிவைப் பின்னோக்கிப் பார்த்தால் எல்லாம் ஓர் ‘ஆதி அணு’விலிருந்து தொடங்கியிருக்க வேண்டும் என்று 1931இல் முன்மொழிந்தார். ஒரு பாதிரியார் சொன்னதாலும், படைப்புக் கதைபோல ஒலித்ததாலும் சில இயற்பியலாளர்களுக்கு இதன்மேல் சந்தேகம் இருந்தது.

1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ் ஓர் உரையில் புதிய வானியலைப் படைப்புக்குச் சாட்சியம்போல எடுத்துக்காட்டினார். லெமைத்ருக்கு அது பிடிக்கவில்லை. தன் கோட்பாடு இறையியலுக்கு வெளியே நிற்பது, நம்புகிறவரும் நம்பாதவரும் அதை அவரவர் விருப்பப்படி எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர் நிலைப்பாடு. தன் மதத் தலைவர் தன் ஆய்வைப் புகழும்போதே, இந்தப் புகழ் வேண்டாம் என்று நினைக்க எவ்வளவு நேர்மை வேண்டும்! 1965இல் பென்சியாஸும் வில்சனும் அறிவித்த, தொடக்க வெப்பத்தின் எச்சமாக விண்வெளி எங்கும் பரவியிருக்கும் பின்னணிக் கதிர்வீச்சுதான் கடைசியில் பெருவெடிப்பை நிலைநிறுத்தியது. சுமார் 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரபஞ்சம் மிகச் சூடாக, மிக அடர்த்தியாக இருந்தது என்பது நன்றாகத் தெரியும். ‘ஏன் எதுவுமே இல்லாமல் போகாமல் ஏதோ ஒன்று இருக்கிறது’ என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

பரிணாமத்தை ஏற்றால் கடவுள் நம்பிக்கையைக் கைவிட வேண்டுமா?

கைவிடாமல் வாழ்ந்தவர்கள் ஏராளம். டார்வினின் நூல் 1859இல் வந்தபோது அமெரிக்காவில் அதற்காக முதலில் வாதாடியவர்களில் முக்கியமானவர் தாவரவியலாளர் ஏசா கிரே. அவர் பக்தியுள்ள கிறிஸ்தவர். பரிணாமத்தின் ஒளியில் பார்க்காவிட்டால் உயிரியலில் எதுவுமே பொருள்படாது என்ற புகழ்பெற்ற கருத்தை 1973இல் எழுதிய தியோடோசியஸ் டோப்ழான்ஸ்கியும் கிறிஸ்தவர்தான். பரிணாமம் ஒரு கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று 1996இல் இரண்டாம் ஜான் பால் எழுதினார்.

ஆனால் எதையுமே மாற்றிக்கொள்ளாமல் பரிணாமத்தை ஏற்கலாம் என்று நான் பொய் சொல்லமாட்டேன். ஒவ்வோர் உயிரினமும் தனித்தனியாக, இன்றுள்ள வடிவத்திலேயே படைக்கப்பட்டது என்று எழுத்துக்கு எழுத்து நம்பினால் அந்த நம்பிக்கை நிற்காது. மனிதனுக்கு 46 நிறமூர்த்தங்கள் (மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்கள்); சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் 48. பொது மூதாதை உண்டென்றால் இரண்டு நிறமூர்த்தங்கள் எங்கே போயின? மூதாதையின் இரண்டு நிறமூர்த்தங்கள் ஒட்டி ஒன்றாகிவிட்டன. மனிதனின் இரண்டாம் நிறமூர்த்தத்தில் அந்த ஒட்டு தெரிகிறது: நுனியில் மட்டும் இருக்க வேண்டிய மரபணுத் தொடர் நடுவில் இருக்கிறது, செயலிழந்த இரண்டாவது மையப்பகுதியின் தடயமும் கிடக்கிறது. கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில், மீனுக்கும் நான்கு கால் விலங்குக்கும் இடைப்பட்ட உயிரினம் எந்த வயதுப் பாறையில் கிடைக்கும் என்று முன்கூட்டியே கணித்துத் தேடினார்கள். 2004இல் டிக்டாலிக் கிடைத்தது, வயது சுமார் 37.5 கோடி ஆண்டுகள். முன்கூட்டிச் சொல்லிப் போய்த் தேடி எடுப்பதற்கு வெறும் ஊகம் போதாது.

இதைக் கேட்டால் சிலருக்குப் பயமாக இருக்கும், புரிகிறது. விலங்கோடு உறவு என்றால் மனித மதிப்பு குறைந்துவிடும் என்று நினைக்கிறார்கள். ஒருவருடைய மதிப்பை அவருடைய மூதாதை யார் என்பதை வைத்து அளப்பது எந்த மதத்தின் உயர்ந்த போதனையிலும் இல்லையே.

பள்ளியில் படைப்புவாதத்தையும் சேர்த்துக் கற்பித்தால் என்ன? இரு தரப்பும் தெரியட்டுமே.

2005இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், டோவர் ஊர்ப் பள்ளி விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. உயிர்களை அறிவுள்ள ஒருவர் வடிவமைத்திருக்க வேண்டும் என்று ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ என்ற பெயரில் வந்தது மதக் கருத்தே, அறிவியல் இல்லை என்று நீதிபதி ஜான் ஜோன்ஸ் தீர்ப்பளித்தார். அங்கே பரிணாமத்துக்கு ஆதரவாகச் சாட்சி சொன்ன உயிரியலாளர் கென்னத் மில்லர் ஒரு கத்தோலிக்கர். மதங்களின் படைப்புக் கதைகளை வரலாற்று வகுப்பிலோ இலக்கிய வகுப்பிலோ தாராளமாகப் படிக்கலாம், படிக்கவும் வேண்டும். அறிவியல் வகுப்பில் இடம்பிடிக்கச் சான்று வேண்டும்.

அறிவியலால் விளக்க முடியாத இடங்களில் கடவுள் இருக்கிறார் என்று சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் நம்பிக்கையாளருக்கே அது ஆபத்தான இடம். கோள்கள் ஒன்றையொன்று ஈர்ப்பதால் அவற்றின் பாதை காலப்போக்கில் குலையும், அவ்வப்போது கடவுள் சரிசெய்ய வேண்டியிருக்கும் என்று நியூட்டன் கருதினார். கடவுள் என்ன அடிக்கடி சாவி கொடுக்க வேண்டிய கடிகாரத்தையா செய்தார் என்று லைப்னிட்ஸ் எதிர்த்துக் கேட்டார். வியாழன், சனி ஆகிய கோள்களின் பாதையில் தெரிந்த பிசகு சுமார் 900 ஆண்டுகளுக்கு ஒருமுறை தானே திரும்பி வரும் சுழற்சி என்று 1780களில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாஸ் கணக்கிட்டுக் காட்டினார். நியூட்டன் கடவுளுக்கு ஒதுக்கியிருந்த அந்த வேலை அதோடு முடிந்தது. அறியாமையின் இடைவெளிகளில் கடவுளை வைத்தால், ஒவ்வொரு கண்டுபிடிப்பும் அவரை இன்னொரு மூலைக்குத் தள்ளும். ஆழ்ந்த இறையியலாளர்கள் பலரும் இதனால்தான் இந்த வாதத்தை விரும்புவதில்லை.

இன்றைய அறிவியல் எல்லாம் எங்கள் மறைநூலில் முன்பே இருக்கிறதே?

ஏறத்தாழ எல்லா மதத்தவரும் இதைச் சொல்கிறார்கள். அணு, கருவின் வளர்ச்சி, ஒளியின் வேகம், விமானம் என்று பட்டியல் நீளும். ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: அந்த வரியை மட்டும் படித்து, ஆய்வாளர்கள் கண்டுபிடிப்பதற்கு முன்னால் அதை யாராவது சொன்னார்களா? எப்போதும் கண்டுபிடிப்பு வந்த பிறகுதான் வரியின் பொருள் ‘தெரிய’ வருகிறது.

எனக்கு இதில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். முன்னோர் உண்மையிலேயே பெரிய காரியங்கள் செய்திருக்கிறார்கள். எரட்டோஸ்தனிஸ் நிழலை வைத்துப் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். அல்-பிரூனி ஒரு மலையின் உயரத்தையும் அடிவானம் தாழ்ந்து தெரியும் கோணத்தையும் வைத்துப் பூமியின் ஆரத்தைக் கணித்தார். அவர்கள் முறையை எழுதி வைத்தார்கள். நாமும் செய்து பார்க்கலாம். இப்படிப்பட்ட உழைப்பை விட்டுவிட்டு, இல்லாத விமானத்துக்காகச் சண்டை போடுவது அவர்களுக்கு மரியாதை ஆகாது. மறைநூலுக்கும் நல்லதில்லை: இன்றைய கோட்பாட்டோடு அதைக் கட்டிவிட்டால், நாளைக்குக் கோட்பாடு திருத்தப்படும்போது நூலையும் திருத்துவீர்களா?

பிரார்த்தனை நோயைக் குணப்படுத்தும் என்று ஆய்வில் நிரூபித்திருக்கிறார்களா?

இல்லை. மிகக் கவனமாக நடந்த பெரிய ஆய்வின் முடிவுகள் 2006இல் வெளிவந்தன. அமெரிக்காவின் ஆறு மருத்துவமனைகளில் இதய பைபாஸ் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முதல் இரண்டு குழுவினரிடம் ‘உங்களுக்காகப் பிரார்த்திக்கலாம், பிரார்த்திக்காமலும் இருக்கலாம்’ என்றே சொன்னார்கள். அதில் பிரார்த்தனை பெற்றவர்களில் 52 சதவீதத்தினருக்கும், பெறாதவர்களில் 51 சதவீதத்தினருக்கும் சிக்கல்கள் வந்தன. வித்தியாசம் இல்லை. உங்களுக்காகப் பிரார்த்திக்கிறார்கள் என்று உறுதியாகச் சொல்லப்பட்ட மூன்றாவது குழுவிலோ 59 சதவீதம். அந்த அளவுக்கா என் நிலைமை மோசம் என்ற பயம் காரணமாக இருக்கலாம் என்று சிலர் ஊகித்தார்கள்.

இது அளந்தது ஒன்றை மட்டும்தான்: முன்பின் தெரியாதவர்கள் தூரத்திலிருந்து செய்யும் பிரார்த்தனை, அறுவைச் சிகிச்சைச் சிக்கல்களைக் குறைக்கிறதா என்பது. பிரார்த்திப்பவருக்கு அதனால் கிடைக்கும் அமைதியையோ, பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு பிரார்த்திக்கும் ஒருவரின் துணையையோ அது அளக்கவில்லை. மருந்துக்குப் பதிலாகப் பிரார்த்தனை என்பதை மட்டும் ஒருபோதும் ஏற்காதீர்கள். சர்க்கரை நோயாளிக் குழந்தைக்கு இன்சுலினை நிறுத்தினால் அந்தக் குழந்தை இறந்துவிடும்.

அற்புதங்கள் நடக்கவே முடியாதா?

முடியாது என்று அறிவியல் நிரூபித்ததில்லை. அப்படி நிரூபிக்கவும் முடியாது. அது கேட்பது வேறு. இந்தச் சம்பவத்துக்குச் சான்று என்ன, வேறு விளக்கம் உண்டா? 1748இல் டேவிட் ஹ்யூம் சொன்ன அளவுகோல் இன்னமும் பயனுள்ளது: அந்தச் சாட்சியம் பொய்யாக இருப்பது, அற்புதம் நடந்ததைவிடப் பெரிய அற்புதமாக இருக்க வேண்டும். பிரான்சில் உள்ள லூர்து தலத்துக்குச் சென்ற நோயாளிகள் பல்லாயிரம் பேர் தாங்கள் குணமானதாகச் சொல்லியிருக்கிறார்கள். மருத்துவர்களை வைத்து ஆராய்ந்த திருச்சபை, 2018 வரை எழுபதை மட்டுமே அற்புதமாக அறிவித்திருந்தது. அந்த எழுபதையும் நான் விவாதத்துக்கு உரியவையாகவே பார்க்கிறேன். ஆனாலும் வந்ததையெல்லாம் ஏற்காமல் வடிகட்டியதைப் பாராட்டத்தான் வேண்டும்.

விஞ்ஞானிகள் எல்லாருமே நாத்திகர்கள்தானே?

அமெரிக்க அறிவியல் வளர்ச்சிச் சங்கத்தின் உறுப்பினர்களிடம் பியூ ஆய்வு மையம் 2009இல் நடத்திய கணக்கெடுப்பில் 33 சதவீதம் பேர் கடவுளை நம்புவதாகவும், மேலும் 18 சதவீதம் பேர் ஏதோ ஓர் உயர்ந்த சக்தியை நம்புவதாகவும் சொன்னார்கள். பொதுமக்களோடு ஒப்பிட்டால் இது குறைவுதான். ஆனால் ‘எல்லாரும்’ இல்லை.

1979ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசைப் பாருங்கள். மின்காந்த விசையும் வலுவற்ற அணுக்கரு விசையும் ஒன்றே என்று காட்டியதற்காக அப்துஸ் சலாம், ஸ்டீவன் வெய்ன்பெர்க், ஷெல்டன் கிளாஷோ மூவரும் பகிர்ந்துகொண்டார்கள். சலாம் ஆழ்ந்த இறைநம்பிக்கையாளர், குர்ஆன் வசனத்தை மேற்கோள் காட்டிப் பேசியவர். வெய்ன்பெர்க் மதத்தைக் கடுமையாக விமர்சித்த நாத்திகர். இருவரும் தனித்தனியாக ஒரே கோட்பாட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். நம்பிக்கை இருந்ததாலோ இல்லாததாலோ விடை மாறவில்லை.

ஐன்ஸ்டைனை இரு தரப்பும் இழுப்பதையும் சொல்ல வேண்டும். மனிதர்களின் செயலிலும் விதியிலும் தலையிடும் கடவுளை அவர் நம்பவில்லை. உலகின் ஒழுங்கில் வெளிப்படும், தத்துவஞானி ஸ்பினோசா சொன்ன கடவுளை நம்புவதாக 1929இல் சொன்னார். அவரை ஆத்திகர் என்று சொந்தம் கொண்டாடுவதும் வழக்கமான நாத்திகர் என்று சொந்தம் கொண்டாடுவதும் தவறு.

அறிவியலும் ஒரு நம்பிக்கைதானே? நீங்களே எல்லாவற்றையும் சோதித்தா பார்த்தீர்கள்?

நியாயமான கேள்வி. நான் அணுவைப் பார்த்ததில்லை. மற்றவர்கள் சொன்னதை நம்புகிறேன். ஆனால் அந்த நம்பிக்கைக்குப் பின்னால் பிழையைத் தேடிப் பிடிக்கும் ஏற்பாடு இருக்கிறது. 2011 செப்டம்பரில், ஜெனிவா அருகிலிருந்து இத்தாலிக்கு 730 கிலோமீட்டர் பயணம் செய்த நியூட்ரினோக்கள் என்ற மிக நுண்ணிய துகள்கள் ஒளியைவிட 60 நானோவினாடி முன்னதாக வந்துவிட்டதாக ஓர் ஆய்வுக் குழு அறிவித்தது. அறிவிக்கும்போதே, எங்களால் பிழையைக் கண்டுபிடிக்க முடியவில்லை, நீங்களும் சோதியுங்கள் என்று உலகத்தைக் கேட்டுக்கொண்டது. 2012இல் காரணம் தெரிந்தது: சரியாகப் பொருத்தப்படாத ஓர் ஒளியிழை கேபிள். மற்றச் சோதனைகளும் ஒளியின் வேகத்தைத் தாண்டவில்லை என்று காட்டின. ஒளியை எதுவும் முந்த முடியாது என்று ஐன்ஸ்டைன் சொல்லிவிட்டார் என்பதற்காக அந்த முடிவை யாரும் தூக்கிப் போடவில்லை, பரபரப்பாக இருக்கிறது என்று ஏற்றுக்கொள்ளவும் இல்லை.

தங்கள் கருத்தையும் இப்படித் திருத்தத் தயாராக இருக்கும் மதத் தலைவர்கள் உண்டு. பௌத்தத்தின் ஒரு கூற்று தவறு என்று அறிவியல் உறுதியாக நிரூபித்தால் பௌத்தம் மாற வேண்டும் என்று தலாய் லாமா எழுதியிருக்கிறார்.

எது நல்லது, எது கெட்டது என்று அறிவியல் சொல்லுமா?

ஒரு செயலின் விளைவு என்ன என்று சொல்லும். அந்த விளைவு வேண்டுமா வேண்டாமா என்று சொல்லாது. 1932 முதல் 1972 வரை அமெரிக்காவின் டஸ்கீகியில், மேகநோய் (சிபிலிஸ்) இருந்த சுமார் 400 கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமல், நோய் எப்படி முற்றுகிறது என்று அரசின் பொதுச் சுகாதாரத் துறையே கவனித்துக் குறிப்பெடுத்தது. இடையில் பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. குறிப்பெடுத்தவர்கள் படித்த மருத்துவர்கள். அவர்களுக்கு அறிவியல் தெரிந்திருந்தது, அது போதவில்லை. அறத்துக்கு மதம்தான் ஒரே ஊற்று என்று இதற்குப் பொருள் இல்லை. அடிமை முறையை மறைநூல் காட்டி நியாயப்படுத்தியவர்களும் உண்டு, அதே நூலைக் காட்டி எதிர்த்தவர்களும் உண்டு.

கடவுள் அனுபவம் எல்லாம் மூளையில் நடப்பதுதான் என்று கண்டுபிடித்துவிட்டார்களாமே?

பிரார்த்தனை செய்யும்போதும் தியானத்தில் இருக்கும்போதும் மூளையின் செயல்பாடு மாறுவது உண்மை. மாறாமல் எப்படி இருக்கும்? இந்த எழுத்தைப் படிக்கும்போதும்தான் மாறுகிறது. அதற்காக எழுத்து இல்லை என்று ஆகிவிடாது. மூளைப் படத்தால் கடவுள் உண்டு என்றும் காட்ட முடியாது, இல்லை என்றும் காட்ட முடியாது. மெல்லிய காந்தப் புலத்தால் தெய்வ அனுபவத்தை வரவழைக்கலாம் என்று மைக்கேல் பெர்சிங்கர் தலைக்கவசம் ஒன்றை வைத்துச் சொன்னது பிரபலமானது. சுவீடனில் ஆய்வாளர்கள், கருவி எப்போது இயங்குகிறது என்று யாருக்கும் தெரியாதபடி அதைத் திரும்பச் செய்து பார்த்து 2005இல் வெளியிட்டார்கள். காந்தப் புலத்தால் எந்த விளைவும் தெரியவில்லை. எளிதில் மனம் வசப்படுகிறவர்களுக்குக் கருவி இயங்காதபோதும் அனுபவம் வந்தது.

இதெல்லாம் பேசினால் வீட்டில் சண்டைதான் வருகிறது. பெரியவர்களிடம் எப்படிப் பேசுவது?

‘உங்கள் மதமே பொய்’ என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அவர்கள் காதில் அது ‘உங்கள் அம்மா சொல்லிக்கொடுத்தது பொய்’ என்றுதான் விழும். எந்தக் கூற்று உங்களுக்கு உறுத்துகிறதோ அதை மட்டும் எடுத்துப் பேசுங்கள். அவர்கள் அதை ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். பல நேரம் கதையைவிட அந்தக் கதையோடு சேர்ந்த ஒரு மனிதரோ ஒரு பிரிவோ முக்கியமாக இருக்கும். பூமியின் வயது பற்றி ஒத்துக்கொள்ளவில்லையா? சரி, இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம், யாருக்கும் உடனே நஷ்டம் இல்லை. குழந்தைக்குத் தடுப்பூசி வேண்டாம் என்றோ, நோயாளிக்கு மருந்தை நிறுத்தலாம் என்றோ யாராவது சொன்னால் மட்டும் அன்றைக்கே, மரியாதையோடு, விட்டுக்கொடுக்காமல் பேசுங்கள். அவர்கள் மதிக்கும் ஒரு மருத்துவரையோ, அவர்கள் மதத்தைச் சேர்ந்த படித்த பெரியவர் ஒருவரையோ கூட அழைத்துப் போனால் வேலை இன்னும் சுலபம்.